பம்பரில் ஒட்டிய கொக்கி

சூளூர்பேட்டை என்றதும் உங்களில் பலருக்கு ஸ்ரீஹரிகோட்டாவும் ராக்கெட்டும் நினைவுக்கு வரும். பறவை பார்க்கும் பழக்கமுள்ள அன்பர்களுக்கு நேலப்பட்டும், பழவேற்காடு ஏரியில் வந்து இறங்கும் பூநாரைகளும் நினைவுக்கு வரலாம். வேலை பார்த்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்ட என் போன்ற ரயில்வேக்காரனுக்கோ ஐப்பசி, கார்த்திகை வந்தால் சேறுதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பக்கத்துச் சேறு தனி ரகம். ஏரியை ஒட்டிய களிமண்ணில் உப்பும் சேர்ந்து, மேலே காய்ந்த பொருக்கு, கீழே வெண்ணெய். இறால் குட்டைகளுக்குப் போகும் கரைப்பாதைகள் எல்லாம் இப்படித்தான். தீவனம் ஏற்றிய வண்டி, ஐஸ் ஏற்றிய வண்டி, மோட்டார் பார்க்கப் போகும் மெக்கானிக்கின் பைக் என்று மழைக்காலத்தில் தினம் ஏதாவது ஒன்று புதைந்து நிற்கும். யாராவது ஒரு டிராக்டரைக் கூட்டிவந்து இழுப்பார்கள். பட்டணத்தில் ஜீப் வைத்துக்கொண்டு இதை ஒரு விளையாட்டாகச் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்களாம். இங்கே அது பிழைப்பு.

என் தங்கை மகன் இரண்டு குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். அவனிடம் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று உண்டு. 2021 நவம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்; நெல்லூர் அருகே வெள்ளம் தண்டவாளத்தை அரித்து, விஜயவாடா தடத்தில் ரயில்கள் நின்றனவே, அந்த மழை. அதற்குச் சில வாரங்கள் முன்னால் அவன் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, ஜீப்புக்கு முன்னாடி ஷாக்கிள் மாட்டுற மாதிரி ரெண்டு காது வெச்சுக் குடுங்க. கயிறைப் பம்பர்ல சுத்திச் சுத்தி பம்பரே வளைஞ்சு போச்சு."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டா" என்றேன்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஜீப் மெக்கானிக்கிடம் போய் ஷாக்கிள் என்றால் அவர் பட்டை ஸ்பிரிங்கின் நுனியில் ஆடும் இணைப்பைத்தான் எடுத்துத் தருவார். நான் சொல்வது கிரேன்காரர்கள் பயன்படுத்தும், லாட வடிவத்தில் குறுக்கே பின் போட்ட வளையம். அதன் உடம்பில் எத்தனை டன் தூக்கலாம் என்று பொறித்திருக்கும். 19 மில்லிமீட்டர் அளவுள்ள ஷாக்கிளில் 4.75 டன் என்று இருக்கும். பின் 22 மில்லிமீட்டர். நல்ல தயாரிப்பில் உடைவதற்கு அதைப்போல் பல மடங்கு சுமை வேண்டும். எழுத்தே பொறிக்காத ஷாக்கிளைச் சாவிக்கொத்து மாட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

நான் டிப்ளமோ படித்தவன். சர்வீஸ் முழுக்க இரும்போடு புழங்கியவன். விடுவேனா? காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 16 மில்லிமீட்டர் கனத்தில் சாதாரண மைல்ட் ஸ்டீல் பிளேட். துளை 25. துளையின் விளிம்பிலிருந்து பிளேட்டின் முனை வரை இன்னொரு 25. இழுக்கும்போது பின் அந்த முனையைக் கிழித்துக்கொண்டு வரவேண்டுமானால் இரண்டு பக்கமும் சேர்ந்து 800 சதுர மில்லிமீட்டர் இரும்பு அறுபட வேண்டும். அந்த இரும்பு நெகிழத் தொடங்குவதற்கே கிட்டத்தட்ட 12 டன் வேண்டும். 8 மில்லிமீட்டர் வெல்டிங்கை இரண்டு பக்கமும் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓடவிட்டால், அதுவும் ஏறக்குறைய 12 டன் தாங்கும் என்று கணக்கு வந்தது. இரண்டு டன் ஜீப்புக்கு இது போதாதா? பஜாரில் ஒரு வெல்டிங் பட்டறையில் நானே பக்கத்தில் நின்று, ஒவ்வொரு ஓட்டுக்கும் கசடைத் தட்டி எடுக்கச் சொல்லி, இரண்டு காதுகளையும் பம்பரின் முகப்பில் ஒட்ட வைத்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்ததும் கம்பெனியில் செய்தது போலவே இருந்தது. தங்கை வீட்டில் காபி பலகாரத்தோடு பாராட்டும் கிடைத்தது.

மழை வந்தது. ஒரு நாள் காலை ஜீப் குட்டைக்கரையில் இறங்கி, மட்கார்டு வரை புதைந்துவிட்டது. நானும் போயிருந்தேன், என் கைவண்ணத்தைப் பார்க்க வேண்டுமே! டிராக்டர் வந்தது. நீளும் நைலான் பட்டை ஒன்றை யாரோ கொடுத்தார்கள். முதலில் மெதுவாக இழுத்ததில் ஜீப் அசையவில்லை. டிரைவர் டிராக்டரைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து, பட்டையைத் தளரவிட்டு, ஓடி ஒரு வெட்டு வெட்டினார். துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். ஏதோ கறுப்பாகப் பறந்ததை மட்டும் பார்த்தேன். டிராக்டரின் வலப்பக்க மட்கார்டில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளவு. டிரைவரின் இடுப்புக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

அந்த மனிதர் இறங்கிவந்து பிளவைத் தடவிப் பார்த்தார். "தேவுடு காபாடாடு சார்" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

கீழே கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். ஷாக்கிள் பழுதில்லாமல் இருந்தது. என் 16 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெல்டிங்கும் விடவில்லை. வெல்டிங்கைச் சுற்றி, தபால் தலை கிழித்தது போல, பம்பரின் தகடு பிய்ந்து வந்திருந்தது. அதன் கனம் வெறும் 3 மில்லிமீட்டர். 12 டன் தாங்கும் காதை 3 மில்லிமீட்டர் தகட்டில் ஒட்டிவிட்டு, காதுக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறேன்!

எனக்கு இன்னும் உறுத்துவது இன்னொன்று. பழைய பெட்டிகளின் முனையில் ஸ்க்ரூ கப்ளிங் மாட்டும் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். அது முன்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தில் ஒட்டப்பட்டதல்ல. அதன் தண்டு சட்டத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், ஸ்பிரிங் வழியாகச் சுமையைப் பெட்டியின் அடிச்சட்டத்துக்கே கொடுத்துவிடும். வெளியே தெரிகிற கொக்கி வெறும் நுனிதான். வேலை பார்த்த காலமெல்லாம் தினமும் கண்ணால் பார்த்த விஷயம். வீட்டு வேலை என்றதும் மறந்துபோனது.

சரி, எத்தனை டன் இழுவை வந்திருக்கும்? புதைந்த வண்டிகளை மீட்பதற்கு அமெரிக்க ராணுவக் கையேட்டில் ஒரு எளிய கணக்கு உண்டு. சக்கரம் வரை புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுவை. மட்கார்டு வரை என்றால் எடையைப்போல் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. எங்கள் ஜீப்பை இரண்டு டன் என்று வைத்தால் 4 டன். இது நிதானமாக இழுப்பதற்கு. ஓடி வெட்டினால் இன்னும் ஏறும்.

நைலான் பட்டையின் குணம் வேறு. இரும்புச் சங்கிலி நீளாது. அறுந்தால் பெரும்பாலும் அங்கேயே விழும். நைலான் ரப்பர் போல நீண்டு, சக்தியைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். 9 மீட்டர் பட்டை 5 டன் இழுவையில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டிருந்தால், அதில் சுமார் 30,000 ஜூல் அடைபட்டிருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மூன்று கிலோ காதுக்கும் ஷாக்கிளுக்கும் போனாலே வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். வேகப் பந்துவீச்சாளர் போடும் பந்தின் வேகம்தானே என்று நினைக்காதீர்கள். பந்து 160 கிராம். இது மூன்று கிலோ.

டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கோத்து இழுக்கிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உருளுகிற டிரெய்லரை இழுக்கச் செய்தது அந்த உருண்டை. ஆஸ்திரேலியாவில் அது பிய்ந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ கட்டுவதற்கென்று அடியில் இருக்கும் சின்ன வளையங்களும் இதற்கு ஆகாது.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, கட்டடக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து ஒட்டுவது. திறந்த கொக்கி சுமையில் விரியும். பட்டை வழுக்கி வெளியே வரும். இன்னொன்று, பழைய பட்டை ஸ்பிரிங்கை வெட்டிக் காது செய்வது. "ஸ்பிரிங் இரும்பு சார், உடையவே உடையாது" என்பார்கள். ஸ்பிரிங்காக இருக்கும் வரை உண்மை. அதில் கார்பன் அதிகம். சூடு பண்ணாமல் வெல்டிங் வைத்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை வந்துவிடும். சாதாரண மைல்ட் ஸ்டீல்தான் இதற்கு நல்லது. அது உடைவதற்கு முன்னால் வளைந்து எச்சரிக்கும்.

மறுபடி செய்தோம். இம்முறை பம்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேஸிஸின் இரண்டு லாங் மெம்பர்களையும் சுரண்டிச் சுத்தம் செய்து, துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். 20 மில்லிமீட்டர் பிளேட்டை நீளமாக வெட்டி, லாங் மெம்பரின் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு 12 மில்லிமீட்டர் போல்ட். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். இழுவை வண்டியின் நீளவாக்கில் வருவதால் நான்கும் சேர்ந்து அறுபட்டால்தான் காது வரும். அதற்கு 16 டன் வேண்டும். உள்பக்கம் தாங்கு பிளேட், குழல் போன்ற இடத்தில் போல்ட்டை முறுக்கும்போது தகடு நசுங்காமல் இருக்க உள்ளே பைப் துண்டு. முடிந்தவரை கம்பெனி போட்டிருந்த துளைகளையே பயன்படுத்தினேன். சேஸிஸில் இஷ்டத்துக்குத் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் அதன் பலத்தைக் குறைக்கும். பம்பரில் பிளேட் வெளியே வர ஒரு ஜன்னல் வெட்டி, பிளேட் பம்பரைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். ஷாக்கிள் துளையை கேஸ் கட்டிங்கில் போடவில்லை. அதன் பல் பல்லான விளிம்பிலிருந்துதான் விரிசல் தொடங்கும். டிரில் போட்டு, இரண்டு பக்க விளிம்பையும் மழுக்கினோம்.

இதைச் செய்யும்போது தலையில் இன்னொன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2017 டிசம்பரில் முன்பக்கத்துக் கனமான கிராஷ் கார்டுகளை அகற்ற நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதும் அதன் கீழ்தான். ஆகவே, காது பம்பரைத் தாண்டி நடந்துபோகிறவர் முழங்காலைக் குத்தும்படி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. புது வண்டி வைத்திருப்பவர்கள் கம்பெனி கொடுத்த இழுவை வளையம் எங்கே இருக்கிறது என்று முதலில் கையேட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் இந்த வேலையே தேவைப்படாது.

அடுத்தது சோதனை. தூக்கு சாமான்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும், தாங்கும் சுமையை அவற்றில் குறிக்க வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு. தங்கை மகனின் ஜீப்புக்கு அந்தச் சட்டம் கிடையாது. எனக்கு உண்டு என்று வைத்துக்கொண்டேன். ஊருக்கு வெளியே இரண்டு புளியமரங்கள். பின் சேஸிஸைச் சங்கிலியால் ஒரு மரத்தில் கட்டி, முன் காதிலிருந்து இன்னொரு மரத்துக்கு 5 டன் செயின் பிளாக். நடுவில் பழைய இரும்புக் கடையில் இரவல் வாங்கிய தொங்கு தராசு. எல்லாம் சங்கிலி, நைலான் கிடையாது. ஆட்களைத் தள்ளி நிற்க வைத்து, காதிலும் சேஸிஸிலும் முன்கூட்டியே அடித்த பஞ்ச் குறிகளுக்கு இடையே அளந்துவிட்டு, 4.5 டன் வரை ஏற்றி ஐந்து நிமிடம் நிறுத்தினோம். இறக்கிவிட்டு மறுபடி அளந்தபோது குறிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அடுத்த காதுக்கும் அப்படியே. சிவப்பு மருந்து தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளை மருந்து தெளித்து விரிசல் பார்க்கும் முறையை ரயில்வேயில் பழகியிருந்தேன். துளையைச் சுற்றி அதையும் செய்தேன். சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை.

இப்போது அவன் ஒற்றைக் காதில் இழுப்பதில்லை. இரண்டு காதுக்கும் ஒரு கவைப்பட்டை போட்டு அதன் நடுவில் இழுக்கிறான். கவை குட்டையாக இருந்தால் கோணம் விரியும்; இரண்டு கைகளுக்கும் இடையே 120 டிகிரி ஆகிவிட்டால் ஒவ்வொரு காதிலும் முழு இழுவையும் வந்துவிடும். நீளமான கவையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். முதலில் மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டுவது, பட்டையின் மேல் ஈரக் கோணி போடுவது, பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு வேடிக்கை பார்ப்பவர்களை விரட்டுவது, இதெல்லாம் அவனே செய்கிறான். அரை மணி நேரம் தோண்டினால் பாதி நாள் இழுவையே தேவைப்படுவதில்லை என்று இப்போது எனக்கே சொல்லிக்கொடுக்கிறான்.

டிராக்டர் மட்கார்டை என் செலவில் மாற்றிக்கொடுத்தேன். டிரைவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பிய்ந்துவந்த பழைய காது, அந்தத் தகட்டுத் துண்டோடு, என் மேஜையில் இருக்கிறது. போன வாரம் பஜாரில் அதே டிராக்டர்க்காரரைப் பார்த்தேன். தன் டிரெய்லர் கொக்கியில் விரிசல் மாதிரி ஏதோ தெரிகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் சார் என்றார். சிவப்பு மருந்தை எடுத்துக்கொண்டு நாளைக்குப் போக வேண்டும்.