செம்பனைக் காட்டுக்குள் இரண்டு சக்கரம்

கெமாஸ் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இரயில்தான். சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வரும் மேற்குக் கரைப் பாதையும், பகாங், கிளந்தான் வழியாகத் தும்பாட் வரை 526 கிலோமீட்டர் ஓடும் கிழக்குக் கரைப் பாதையும் சந்திக்கும் இடம் அது. நள்ளிரவில் வண்டி அங்கே நின்றதையும், தூக்கக் கலக்கத்தோடு இறங்கித் தேநீர் குடித்ததையும் சொல்ல நம் வீடுகளில் ஒரு பெரியவராவது இருப்பார். சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை 2013இல் மின்சார இரட்டைப் பாதை வந்தது. பயணம் வேகமாயிற்று. வேகமாகப் போகிறவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை.

அண்மைக் காலமாக வேறு சிலர் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்பே வந்து, உணவுக்கடையில் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

மலைச் சைக்கிள் ஓட்டம் என்றால் சுவிட்சர்லாந்து பனிமலையைப் போல எதையோ கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கெமாஸில் பெரிய மலை கிடையாது. மேட்டு நிலத்தில் நின்று தெற்கே பார்த்தால், வானம் தெளிந்திருக்கும் காலையில், 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் நீல நிறத்தில் தெரியும். அது ஜொகூரின் சொத்து. நமக்கு இங்கே வாய்த்திருப்பவை குன்றுகள். ஒரு குன்றில் ஏறி மூச்சு வாங்கி இறங்கினால் அடியில் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் அடுத்த குன்று. போன மாதம் நாங்கள் போன நாற்பது கிலோமீட்டரில் எந்த ஏற்றமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஆனால் ஏறி இறங்கியதையெல்லாம் கூட்டியபோது கருவி 520 மீட்டர் காட்டியது. தொடைக்குத் தெரியும் அதன் அருமை.

இந்த விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் மாவட்டத்து மலைகளில் பிறந்தது. அங்கிருந்த இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கி, மண் பாதையில் உருட்டிவிட்டு விளையாடினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாகவே ஆகிவிட்டது. வரலாறு இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு மட்டும் இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. தடித்த மண் பாதையில், கியர் இல்லாத ராலே சைக்கிளில், பின்னால் இரண்டு பக்கமும் பால் தோம்பு கட்டிக்கொண்டு, அதிகாலை இருட்டில் மேடேறியவர்கள் நம் தோட்டங்களில் அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். அவர்களுக்குத் தலைக்கவசமும் இல்லை, பதக்கமும் இல்லை.

எங்களோடு வந்த நண்பர் இந்தப் பகுதித் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இப்போது ஷா ஆலாமில் பொறியியலாளர். அவருடைய அம்மா பால்மரம் வெட்டியவர். அப்பா மருந்தடிப்பு வேலை. நான்கு மணிக்கு எழுந்து சோறு கட்டி, ஐந்து மணிக்குப் பெரட்டில் நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போவார்களாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயத்தில் பாதிப் பேர் பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் தோட்டம் கைமாறியபோது போனார்கள். நண்பர் போனது எட்டு வயதில்.

செம்பனைக் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவது ரப்பர்க் காட்டில் ஓட்டுவது போலல்ல. ரப்பர் மரத்தடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும்; வெளிச்சம் மேலிருந்து சலித்து விழும். செம்பனையிலோ வெட்டிய மட்டைகளை ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த மட்டையின் அடிப்பாகத்து முள் டயருக்கு எமன். உள் டியூப் போட்ட சக்கரத்தோடு வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை பஞ்சர் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். டியூப் இல்லாத டயரில் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி ஓட்டுவதுதான் இப்போதைய வழக்கம். முள் குத்தியதும் அது ஓட்டையில் போய் உறைந்து அடைத்துக்கொள்கிறது. இந்தத் திரவம் பெரும்பாலும் ரப்பர் பாலில்தான் செய்யப்படுகிறது என்று சொன்னபோது நண்பர் சிரித்துவிட்டார். "எங்க அம்மா மங்குல புடிச்சதை நான் காசு குடுத்து வாங்கி ஊத்துறேன்" என்றார்.

வழியில் அங்கங்கே கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி தெரியும். புறாக்கூடு என்று நினைத்துவிடாதீர்கள், அது கூகைக்கு. செம்பனைக் குலையைத் தின்னும் எலியைப் பிடிக்கக் கூகையைக் குடிவைக்கிறார்கள். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். ஆகவே, மட்டைக் குவியலில் காலை வைத்து ஓய்வெடுப்பது நல்லதல்ல. காலையில் மருந்தடித்த நிரை என்றால் வாடையே சொல்லிவிடும். அந்தப் பக்கம் தண்ணீர்ப் புட்டியின் வாயைத் துடைக்காமல் குடிக்கக் கூடாது. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை அரசாங்கம் 2020 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டது. அதற்கு முன் எத்தனை காலம் நம் பெண்கள் அதை முதுகில் சுமந்து, முகமூடி இல்லாமல் அடித்தார்கள் என்பதை நண்பரின் அப்பாவுடைய விரல் நகங்களைப் பார்த்தவர்களிடம் கேட்க வேண்டியதில்லை.

தோட்டம் பொது இடம் அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். குலை ஏற்றிய டிராக்டர் வளைவில் வரும்போது அதற்குப் பிரேக் பிடிக்க நேரமிருக்காது. அதனால் ஆபீஸில் முன்கூட்டியே கடிதம் வாங்கிக்கொண்டுதான் போனோம். முதல் தோட்டத்தில் ஜாகா கடிதத்தைப் பார்த்து, தடியைத் தூக்கிவிட்டு, "ஹாத்தி-ஹாத்தி" என்றார். தொல்லை இரண்டாம் கேட்டில் வந்தது. அது நண்பர் பிறந்த டிவிஷன். எங்கள் கடிதத்தில் அந்தப் பகுதியும் இருந்தது; ஆனால் நிலம் அண்மையில் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. பழைய ஆபீஸ் கொடுத்த கடிதம் புதிய கேட்டில் செல்லவில்லை. ஜாகா ஒரு நேப்பாளி இளைஞர். மரியாதையாகத்தான் மறுத்தார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம், குன்றின் சரிவில், மாரியம்மன் கோயிலின் தகரக் கூரை தெரிந்தது. லயம் இருந்த இடத்தில் கன்றுச் செம்பனை நட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடம் நண்பருக்கே பிடிபடவில்லை. ஒரு பெரிய புளியமரத்தை வைத்துத்தான் திசையைக் கண்டுபிடித்தார். மலாயில் அந்த இளைஞரோடு கொஞ்ச நேரம் பேசினார். நான் இங்கேதான் பிறந்தேன், அது எங்கள் கோயில், அவ்வளவுதான் சொன்னார். இளைஞர் சற்று யோசித்துவிட்டு, சைக்கிளைக் கேட்டிலேயே வைத்துவிட்டு நடந்து போய்வரச் சொன்னார். அவர் ஒருவர் மட்டும்.

நண்பர் போய்வர இருபது நிமிடம் ஆயிற்று. நெற்றியில் திருநீறு இருந்தது. யாரோ விளக்குப் போடுகிறார்கள் என்றார். யார் என்று தெரியவில்லை.

இந்தக் காரணத்துக்காகவே நம் இளைஞர்கள் இப்படிப்பட்ட ஓட்டங்களுக்கு வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்துக் கோயிலுக்குத் திருவிழா அன்று பேருந்து பிடித்துப் போகிறோம். அடுத்த ஆண்டுதான் மறுபடி போகிறோம். இடையில் பாதை மூடப்பட்டால் யாருக்கும் தெரியாது. மாதத்துக்கு ஒரு முறை அந்த வழியில் பத்துச் சைக்கிள் போனால், ஓடைப் பாலம் உடைந்தது, வேலி வந்தது, கோயில் கூரை பறந்தது எல்லாம் உடனே வெளியே தெரிந்துவிடும். பாதை என்பது ஆள் நடந்தால்தான் பாதை.

அங்கிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே, தம்பின் பக்கமாகப் போனோம். கெமாஸிலிருந்து ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டரில் கெமிஞ்சே பாலம். சைக்கிள்காரர்கள் இங்கே நின்றுவிட்டுப் போவதற்குக் காரணம் இருக்கிறது.

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை 55 நாளில் ஜொகூர் பாருவை அடைந்தது. அந்த வேகத்துக்குப் பெரிய காரணம் சைக்கிள். பாலங்களை உடைத்துவிட்டுப் பிரிட்டிஷ் படை பின்வாங்கினால், ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி அக்கரை ஏறினார்கள். மலாயா முழுதும் ஜப்பானிய மலிவு விலைச் சைக்கிள்கள் ஏற்கெனவே விற்பனையாகியிருந்ததால், சின்னக் கம்பத்தில்கூட உதிரிப் பாகம் கிடைத்தது. வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். தார்ச் சாலையில் இரும்பு உரசும் அந்தச் சத்தத்தை இருட்டில் கேட்டவர்கள் டாங்கி வருகிறது என்று மிரண்டார்கள்.

1942 ஜனவரி 14, மாலை நான்கு மணியளவில் அந்தச் சைக்கிள் படை இந்தப் பாலத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் 2/30ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி சாலையோரப் புதரில் பதுங்கியிருந்தது. முன்னால் வந்த சில நூறு பேரைப் பேசாமல் போகவிட்டார்கள். பாலம் நிறைய ஆள் ஏறியதும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். துப்பாக்கிகள் சைக்கிளில் கட்டியிருந்ததால், சிப்பாய்களுக்கு அவற்றை எடுக்கவும் நேரமில்லை. பின்னாலிருந்த பீரங்கிகளுக்குத் தகவல் சொல்லும் தொலைபேசிக் கம்பி அறுபட்டிருந்ததால் குண்டு மழை மட்டும் பொழியவில்லை. இவ்வளவு நடந்தும் ஜப்பானியர்கள் சில மணி நேரத்தில் பாலத்தைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது.

பாலத்தருகே நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆஸ்திரேலியர்கள் வந்து மலர் வைக்கிறார்கள். வைக்கட்டும், நியாயம்தான். ஆனால் அங்கே நிற்கும்போது எனக்கு வேறொரு கணக்கும் ஓடுகிறது. அந்தப் படை ஊரைப் பிடித்த பிறகு, 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா மரண இரயில் பாதை போடுவதற்கு நம் தோட்டத்து ஆட்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆட்கள் மட்டுமல்ல, இரும்பும் போயிற்று: 1931இல்தான் முழுதாக இணைந்த கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்து அந்த வேலைக்கே கொண்டுபோனார்கள். கெமாஸ் சந்திப்பு இந்த இரண்டு கதையிலும் இருக்கிறது. பாலத்தின் கதையை மட்டும் தெரிந்துகொண்டு பிள்ளைகள் வீடு திரும்பினால் பாதி வரலாறுதான் கிடைத்ததாகும்.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். புதிதாக வாங்குவதானால், முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் வைத்த, டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளே இந்த நிலத்துக்குப் போதும். ஈராயிரம், மூவாயிரம் வெள்ளிக்குள் பழையதாகவே நல்லது கிடைக்கும். பத்தாயிரம் வெள்ளிச் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அது நம் காலுக்குப் பதிலாக ஏறித் தராது. டயரில் காற்றைக் குறைத்து வையுங்கள். கல் மாதிரி நிரப்பினால் சரளையில் வழுக்கும். இறக்கத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல், உடம்பைப் பின்னால் தள்ளி, இரண்டையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் செம்மண் களிமண்ணாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அன்றைக்கு வீட்டில் இருப்பதே மேல். மூவார் ஆற்றுக்குப் போய்ச் சேரும் ஓடைகள் இந்தப் பள்ளத்தாக்குகளில் ஏராளம். ஆண்டு இறுதி மழையில் அவை சாலையையே விழுங்கிவிடும். சிகாமட் பக்கத்து வெள்ளம் எப்படி இருக்கும் என்பது 2006இலும் 2011இலும் 2023இலும் பார்த்ததுதானே. பகல் பதினொன்றுக்குள் முடித்துவிடுவது நல்லது. பிற்பகல் இடி மின்னலில் திறந்த மேட்டில் இரும்பின் மேல் உட்கார்ந்திருக்க யாருக்கும் ஆசை வராது.

நிலைக் காடாக அறிவிக்கப்பட்ட வனத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஜெம்போல் பக்கத்துப் பாசோ காடு ஆராய்ச்சிக்கானது. அங்கே 50 ஹெக்டேரில் மரங்களுக்கு எண் போட்டு, பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். சக்கரம் ஓட்டும் இடமல்ல அது.

எங்கள் அடுத்த ஓட்டமும் ஜெம்போல் பக்கம்தான். அங்கே பெனாரிக்கான் என்றொரு பழைய வழி உண்டு. மலாய் மொழியில் 'தாரிக்' என்றால் இழுப்பது. மூவார் ஆற்று வழியாக வந்த படகுகளைத் தரையில் இழுத்துப்போய்ச் செர்த்திங் ஆற்றில் விட்டால், பகாங் ஆறு வரை போய்க் கிழக்குக் கடலைப் பிடித்துவிடலாம். இரயில் வருவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பு, மலாக்கா வணிகர்கள் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது அப்படித்தான். நண்பர் தன் மகளையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பன்னிரண்டு வயது. சைக்கிள் தயாராக இருக்கிறது; புதிய முதலாளியின் ஆபீஸுக்குக் கோயில் வழி கேட்டு எழுதிய கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.