கூரையில் வைத்த சுவிட்ச்

ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டின் கூரையில் சோலார் பேனல் இருக்கிறது. 2024 இறுதியில் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தொட்டது. இத்தனை கூரைகளில் ஏறி இறங்கிய அனுபவம் அந்த நாட்டுக்குச் சில பாடங்களைக் கற்றுக்கொடுத்தது. அவற்றில் ஒன்று கொஞ்சம் விசித்திரமானது: பாதுகாப்புக்கென்று மாட்டிய சுவிட்சே பல வீடுகளில் தீப்பிடிக்கக் காரணமாயிற்று.

வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாலும் வெயில் இருக்கும்வரை பேனல்களில் மின்சாரம் ஊறிக்கொண்டேதான் இருக்கும். வரிசையாக இணைத்த பேனல்களில் பல நூறு வோல்ட் நிற்கும். அதுவும் டி.சி. மின்சாரம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் திரும்புவதால், எங்காவது பொறி பறந்தாலும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். டி.சி.க்கு அந்த இடைவெளி கிடையாது. தளர்ந்த ஓர் இணைப்பில் பொறி பற்றினால் அது தொடர்ந்து எரியும்.

தீயணைப்பு வீரர்கள் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, பேனல்களுக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் சுவிட்ச் இருக்க வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த பிளாஸ்டிக் பெட்டி ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்தது, மழையில் நனைந்தது. கேபிள் நுழையும் துளையைச் சரியாக அடைக்காத இடங்களில் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கியது. முனைகள் அரித்துப் பொறி கிளம்பியது. சோலார் தீ விபத்துகளில் இந்த சுவிட்சுக்குப் பெரும் பங்கு இருப்பதாகத் தீயணைப்புத் துறையினரே சொல்லத் தொடங்கினார்கள். யாரைக் காக்க அந்த விதி வந்ததோ, அவர்களே அதற்கு எதிராகப் பேச வேண்டியிருந்தது. 2021இல் திருத்திய தரநிலை, கூரையில் சுவிட்ச் கட்டாயமில்லை என்றது. ஆனால் பழைய சுவிட்சுகள் இன்னும் ஏராளமான கூரைகளில் இருக்கின்றன.

இந்தக் கதையில் சுவிட்சைவிட முக்கியமானது, அதை மாட்டிய விதம். ஒழுங்காக அடைத்த பெட்டிக்குள் தண்ணீர் இறங்காது. அதனால்தான் கிளீன் எனர்ஜி ரெகுலேட்டர் என்ற மத்திய அமைப்பு, மானியச் சலுகை பெற்ற வீடுகளில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, மாட்டியவரோடு சம்பந்தமில்லாத ஆய்வாளரை அனுப்புகிறது. வீட்டுக்காரருக்குச் செலவில்லை. ஆய்வாளர் பெட்டியைத் திறந்து ஈரம் பார்ப்பார். வெவ்வேறு கம்பெனிகளின் பிளக்குகளை ஒன்றோடொன்று செருகியிருக்கிறார்களா, கேபிள் கூரைத் தகரத்தில் உரசுகிறதா என்று பார்ப்பார். ஆபத்து என்று பட்டால் அங்கேயே அமைப்பை நிறுத்திவிட்டு, மாநில மின்பாதுகாப்புத் துறைக்கும் தகவல் கொடுப்பார். விக்டோரியா மாநிலம் இன்னும் கறார்: சோலார் அமைப்பை மாட்டினால் உரிமம் பெற்ற வேறொரு ஆய்வாளர் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும்.

வேலையைச் செய்பவர் மீதும் கண் இருக்கிறது. உரிமம் யாரோ ஒருவர் பெயரில், கூரையில் ஏறுவது வேறு யாரோ என்ற பழக்கத்தை ஒழிக்க, அங்கீகாரம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலையின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அதே இடத்தில் நின்று செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். செல்ஃபிக்கு இதைவிட உருப்படியான பயன் இருக்க முடியாது!

சோலார் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கு விதி தனி. 2019இல் வந்த தரநிலைப்படி அதைப் பரணிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, தப்பி ஓடும் வழியிலோ வைக்க முடியாது. ஜன்னலிலிருந்து 600 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். படுக்கையறைச் சுவருக்கு மறுபுறம் மாட்டினால் நடுவே எரியாத பலகை வேண்டும். மீட்டர் பெட்டியில் வெளிச்சம் பட்டால் மின்னும் பச்சை வில்லை ஒட்டுவது, வீட்டில் பேட்டரி இருப்பதை இருட்டில் வரும் தீயணைப்பு வீரருக்குச் சொல்வதற்காக.

பேட்டரியே பழுதாக வந்தால் இந்த இடைவெளிகள்தான் காப்பு. எல்.ஜி. தயாரித்த சில வீட்டு பேட்டரிகள் அதிகமாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் திரும்பப் பெறப்பட்டன. 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசு பேட்டரி விலையில் ஏறத்தாழ 30 சதவீதம் தள்ளுபடி தருவதால் கராஜ் சுவர்களில் பேட்டரிகள் வேகமாக ஏறுகின்றன. அந்தச் சலுகைக்கும் அங்கீகாரப் பட்டியலில் உள்ள பேட்டரியும் அங்கீகாரம் பெற்ற எலக்ட்ரீஷியனும் கட்டாயம்.