ஏவியவன் யார்?

நீதிக்குப் பெயர் பெற்ற நகரம் மதுரை. நீதி தவறிய கதைக்கும் பெயர் பெற்ற நகரம் மதுரை!

அரசியின் ஊடல் தணிக்க விரைந்துகொண்டிருந்தான் பாண்டியன். வழியிலே வந்து வணங்கினான் பொற்கொல்லன். சிலம்பு திருடிய கள்வன் சிக்கிவிட்டான் என்றான். மன்னன் விசாரித்தானா? இல்லை. சாட்சி கேட்டானா? இல்லை. சிலம்பு அவன் கையில் இருக்குமானால் ஆளை வெட்டிவிட்டுச் சிலம்போடு வரும்படி காவலரை ஏவினான். கோவலன் வீழ்ந்தான், கூடல் மாநகர் எரிந்தது.

அந்தக் கட்டளையைக் கூர்ந்து பாருங்கள், தோழர்களே! இது இருந்தால் அதைச் செய் என்பதுதான் அது. இன்று கணினிக்கு எழுதுகிறார்களே நிரல், அதன் வடிவமும் இதுதானே!

அதே மதுரையில் இன்று இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பேருந்து ஏறிக் கணினி வேலைக்கு வருகிறார்கள் நம் பிள்ளைகள். களத்துமேட்டில் நெல் தூற்றியவரின் பேத்தி, கடல் கடந்த கம்பெனியின் கணக்கைச் சரிபார்க்கிறாள். ஏட்டைத் தொடாதே என்று விரட்டப்பட்ட கூட்டம் ஏறி வந்த படி இது!

அந்தப் படியிலே இப்போது புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். பெயர், ஏ.ஐ. ஏஜென்ட். பழைய கணினி, சொன்னதை மட்டும் செய்யும். இவருக்கோ, முடிக்கவேண்டிய காரியத்தைச் சொன்னால் போதும். வழியைத் தாமே வகுப்பார். பில்லைப் படிப்பார், கணக்கோடு ஒப்பிடுவார், கடிதம் எழுதுவார், அனுமதி கொடுத்துவிட்டால் பணத்தை அனுப்புவார், விண்ணப்பத்தைத் தள்ளுபடியும் செய்வார். தூக்கமில்லை, சம்பளமில்லை, சங்கமில்லை! முதலாளிக்கு இனிக்காதா?

இயந்திரத்தைக் கண்டு மிரளும் இயக்கமல்ல நம் இயக்கம். ‘இனி வரும் உலகம்’ தந்த பெரியார், ஆளுக்கொரு கம்பியில்லாக் கருவி சட்டைப்பையிலே இருக்கும் காலத்தை 1940களிலேயே கண்டவர். மனிதனின் பாட்டை இயந்திரம் குறைக்கும் என்று வரவேற்றவர். இயந்திரம் வரலாமா என்பதல்ல நம் கேள்வி. இயந்திரம் தவறினால், வந்து நின்று பதில் சொல்பவர் யார்?

கனடா நாட்டிலே நடந்ததைக் கேளுங்கள். பாட்டி இறந்த துயரில் இருந்த பயணி ஒருவர், ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடல் இயந்திரத்திடம் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்றது அது. விண்ணப்பித்தார், விதியில் இடமில்லை என்று கைவிரித்தது நிறுவனம். வழக்கு வந்தபோது வைத்த வாதம் என்ன தெரியுமா? அந்த இயந்திரம் தனிப் பிறவியாம். அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பாம்! பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளி, பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

அது வெறும் பேசும் இயந்திரம். செயல்படும் ஏஜென்டின் கதை வேறு. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லிவைத்திருந்தும், ஒரு தொழிலின் தரவுகளை அழித்துவிட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

ஆஸ்திரேலியாவிலே ஏஜென்ட்கூட இல்லை. வெறும் கணக்குப் பொறிதான். ‘ரோபோடெட்’ என்ற அந்த அரசுத் திட்டம், ஏழைகளின் வருமானத்துக்குச் சராசரி போட்டு, உதவித்தொகையை அதிகம் வாங்கிவிட்டீர்கள் என்று லட்சக்கணக்கானோர் தலையில் கடனைச் சுமத்தியது. ஊழியர் உட்கார்ந்து சரிபார்த்த வேலையில் ஆளை எடுத்ததால் வந்த வினை அது! 2023-இல் விசாரணை ஆணையம் அந்த அநீதியை அம்பலமாக்கியது.

சிலப்பதிகாரத்திலே ஒரு நுட்பம் உண்டு. கோவலனைப் பார்த்த காவலர் தயங்கினார்கள். கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்றார்கள். அந்தத் தயக்கத்தைப் பொற்கொல்லன் பேசிப் பேசியே கொன்றான். தயங்கத் தெரியாத ஒருவன் வாளை வீசினான்.

இலந்தைக்குளத்து மேசையிலே, “சார், இந்தப் பில்லில் ஏதோ இடிக்கிறது, அனுப்ப வேண்டாம்” என்கிறாளே நம் வீட்டுப் பெண், அவளுடையது அந்தக் காவலரின் தயக்கம்! அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், மிச்சமிருப்பது வாள் மட்டுமே.

ஆகவே கேட்கிறோம். ஒருவரின் கூலியை, வேலையை, மருத்துவக் காப்பீட்டை, அரசு உதவியை மறுக்கும் முடிவு எதுவாயினும், அதன் கீழே ஒரு மனிதரின் பெயரும் கையொப்பமும் இருக்கட்டும். மறுக்கப்பட்டவர் தமிழிலே முறையிட, செவியுள்ள ஓர் ஆள் இருக்கட்டும். இதுவரை அந்த வேலையைச் செய்தவருக்கே ஏஜென்டை மேற்பார்க்கும் பயிற்சியையும் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தையும் கம்பெனி தரட்டும். பாதுகாப்பான, அறவழிப்பட்ட ஏ.ஐ.க்கென 2020-இலேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் தமிழ்நாடு. அந்த ஏட்டுச் சொல் சட்டச் சொல்லாக வேண்டும்!

கண்ணகி வந்து நின்றாள், சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. அப்போது பாண்டியன், காவலர் செய்த பிழை என்றானா? பொற்கொல்லன் சொன்ன பொய் என்றானா? கள்வன் தானே என்று ஒப்பி, உயிரையே விலையாகக் கொடுத்தான்.

உயிர் வேண்டாம். ஏவியவன் நானே என்று ஒப்பும் ஒரு கையொப்பம் போதும். அதைக்கூடத் தர மறுப்பவருக்கு, ஏவும் உரிமை எதற்கு?