ரோட்டுக்கு நிலம் போனா கைக்கு எவ்வளவு வரும்?

வீடியோல வேகமா சொன்னதை இங்க நிதானமா பார்ப்போம்.

'கண்டெம்னேஷன்'னா நமக்கு கட்சிகளோட கண்டன அறிக்கைதான் ஞாபகம் வரும். ஆபீஸ்ல பழைய ஜீப்பை 'கண்டம்' பண்றதும் அதே வார்த்தைதான். அமெரிக்கால அரசாங்கம் உங்க நிலத்தை எடுக்குறதுக்கும் இதே பேர். நம்ம ஊர்ல அது 'நில எடுப்பு'. இதுல நீங்க ஒரு தப்பும் பண்ணியிருக்க வேண்டியதில்ல.

திண்டுக்கல்-குமுளி நெடுஞ்சாலைல கம்பம் பைபாஸ் ஏறும்போது யோசிங்க, அதுவும் யாரோ ஒருத்தரோட தோப்பா இருந்திருக்கும்.

2013 சட்டத்தோட கணக்குதான் 2015-லிருந்து தேசிய நெடுஞ்சாலைக்கும். வழிகாட்டி மதிப்பு, பக்கத்து நிலங்களோட கடந்த 3 வருஷ கிரயப் பத்திர சராசரி, இதுல எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. கிராமத்துல அதை 1-லிருந்து 2 மடங்கு வரை பெருக்குவாங்க. தென்னை, கிணறு தனி. மொத்தத்துக்கு இன்னொரு 100% ஆறுதல் தொகை.

மதிப்பு 10 லட்சம், பெருக்கல் 1.25, மரங்கள் 1.5 லட்சம்னு வெச்சா 14 லட்சம். ஆறுதல் தொகையோட 28 லட்சம்.

முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க ஊரே பத்திரத்துல விலையைக் குறைச்சுக் காட்டியிருந்தா? அந்த சராசரிதான் இப்போ உங்களைக் கடிக்கும்!

அறிவிப்பு வந்ததுலேர்ந்து ஆட்சேபணைக்கு 21 நாள்தான். நீங்க பெங்களூர்ல, பட்டா இன்னும் தாத்தா பேர்ல. பங்காளி தகராறுன்னா பணம் கோர்ட்டுக்குப் போயிடும். இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்பவே இ-சேவை மையத்துல பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிச்சுட்டு வந்துருங்க.