ஹீட்டர் குளிர்ந்தால் வண்டியை நிறுத்துங்கள்

பழைய பிக்கப் வைத்திருக்கும் வியாபாரிகளிடம் ஹீட்டரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன?" கொழும்பிலோ காத்தான்குடியிலோ வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் பதில் பொருந்தலாம். வெலிமடைப் பக்கம் மரக்கறி வியாபாரம் செய்யும் நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். 2023 ஜனவரியில் ஓரிரவு அந்தப் பேச்சுக்கு ஒரு எஞ்சின் ஹெட்டை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

என்னுடையது 1992ஆம் ஆண்டு ஜப்பான் டீசல் பிக்கப். அன்று கெப்பெட்டிபொலவில் லீக்ஸும் போஞ்சியும் ஏற்றிக்கொண்டு, நுவரெலியா ஊடாக பேலியகொடைச் சந்தைக்குப் புறப்பட்டோம். இடப்பக்க ஆசனத்தில் மச்சான். ஹக்கலைக்கு ஏறும் பாதையில் பனிமூட்டம் கண்ணாடியை அடைத்தது. ஹீட்டரைப் போட்டதும் கண்ணாடி தெளிந்தது. இரண்டு மூன்று கிலோமீற்றர் போயிருக்க மாட்டோம், சூடாக வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று குளிர்ந்துவிட்டது. "இதுவும் போச்சா?" என்று மச்சான் சிரித்தார். நானும் புளோவரை நிறுத்திவிட்டு, துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். வெப்பமானி ஊசியைப் பார்த்தேன். நடுவில்தான் நின்றது, பிறகு கொஞ்சம் கீழேயும் இறங்கியது. குளிர்ப் பிரதேசம்தானே, எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

நுவரெலியா நகரைக் காணவில்லை. எஞ்சின் இழுவை குறைந்தது, இரும்பில் தட்டுவது போல ஒரு சத்தம், பிறகு பொனட்டின் கீழிருந்து நீராவி. அவ்வளவுதான். நடு இரவில் வேறு லொறி தேடிப் பிடித்து மரக்கறியை மாற்றி ஏற்றினோம். அது சந்தைக்குப் போய்ச் சேரும்போது நல்ல விலை போகும் நேரம் முடிந்திருந்தது.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து, பண்டாரவளையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் நானாவின் கராஜில் விட்டேன். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கு முன்பே அவர் கேட்டார்: "தம்பி, ஹீட்டர் குளிர்ந்திச்சா?" ஆம் என்றேன். "அப்பவே நிப்பாட்டியிருந்தா நாலு போத்தல் தண்ணியோட முடிஞ்சிருக்கும்" என்றார்.

அன்றுதான் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வண்டிகளில் ஹீட்டருக்கென்று தனியாக நெருப்போ மின்சார அடுப்போ கிடையாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினில் சூடேறிய தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், மற்ற ஹோஸ் வழியாகத் திரும்பி வருகிறது. புளோவர் அதன் மீது காற்றை ஊதுகிறது. எஞ்சினில் தண்ணீர் குறைந்தால், மேலே இருக்கும் இந்தச் சின்ன ரேடியேட்டருக்குத்தான் முதலில் தண்ணீர் எட்டாமல் போகும். அதில் காற்று நிரம்பும், ஹீட்டர் குளிரும். வெப்பமானியின் சென்சரோ தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியான கணக்குச் சொல்லும். தண்ணீர் இறங்கி அது வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருந்தாலும் ஊசி நல்லபிள்ளை போல நடுவில் நிற்கும். நான் நம்பியது பொய்சொல்லும் ஊசியை. அலட்சியம் செய்தது உண்மை சொன்ன ஹீட்டரை.

தண்ணீர் எங்கே போனது? அந்தச் சின்ன ரேடியேட்டரே ஒழுகியிருக்கிறது. இரண்டு வாரமாக மச்சானின் காலடி விரிப்பு ஈரமாகவே இருந்தது. மழையில் நனைந்த சப்பாத்து என்று நான் நினைத்தேன், ஏ.சி. தண்ணீர் என்று அவர் நினைத்தார். ஏ.சி. தண்ணீர் மணமில்லாமல் தெளிவாக இருக்கும். கூலன்ட் கலந்த தண்ணீர் கையில் பிசுபிசுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்கப் போகாத எண்ணெய்ப் படலம் போல ஒன்று படியும். லீக்ஸ் வாடைக்கு நடுவே இனிப்பு வாடை எங்கே தெரியப்போகிறது!

செலவைக் கேட்காதீர்கள். 2022இல் ரூபா விழுந்த பிறகு உதிரிப்பாகங்களின் விலை எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியும் அப்போது திறக்கப்பட்டிருக்கவில்லை. 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே வண்டியை விற்றுவிட்டு வேறொன்று எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. பஞ்சிகாவத்தையில் பாவித்த ஹெட் ஒன்றைத் தேடி எடுத்தோம். ஏழு லோடுகளின் இலாபம் அதற்கே போனது.

நானா பிறகு காட்டித்தந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினைச் சூடேற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து கெபினுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். விசிறியும் பெல்ட்டும் சுழலும் இடம், கை பத்திரம். இரண்டும் நல்ல சூடு, ஆனால் உள்ளே காற்று குளிர் என்றால் தண்ணீர் ஓடுகிறது; கோளாறு உள்ளே காற்றைத் திருப்பும் தட்டில் அல்லது அதை இழுக்கும் கேபிளில். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் சின்ன ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே இளஞ்சூடு என்றால் தண்ணீர் குறைவு, உள்ளே காற்றடைப்பு, இல்லாவிட்டால் தெர்மோஸ்டட்.

தெர்மோஸ்டட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "நம்ம நாட்டு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று அதைக் கழற்றி எறியும் கராஜ்கள் இன்னமும் இருக்கின்றன. பொதுவாக 82 பாகை செல்சியஸ் அளவில் திறக்கும் சிறு கதவு அது. அது இல்லாவிட்டால் மலைநாட்டில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது. ஹீட்டர் சுடாது, டீசலும் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஏற்றத்தில் அதிகமாகச் சூடேறுவதும் உண்டு. மலிவான சாமான். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஓடைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஊற்றுகிற பழக்கமும் எங்களிடம் இருக்கிறது. இலங்கையில் தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று நானே வாதாடியிருக்கிறேன். உறையாமல் காப்பது மட்டுமல்ல அதன் வேலை. துருவையும் அது தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஹீட்டரின் குழாய்கள் ஒடுக்கமானவை, துரு முதலில் அடைப்பது அங்கேதான். ஹீட்டர் அடைத்துவிட்டதென்றால் முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டரும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒழுகும் ஹீட்டருக்கு நம் ஊர் வைத்தியம், இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து பைபாஸ் போடுவது. வழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க அது நல்ல உபாயம். அப்படியே வருடக்கணக்கில் ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். மலைப்பாதையில் ஓடுகிறவருக்குக் கண்ணாடி தெளியாது. தண்ணீர் குறைவதைச் சொல்லும் அடையாளமும் போய்விடும். பித்தளைச் சின்ன ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து ஒட்டித் தருவார்கள். டேஷ்போர்டைக் கழற்றும் கூலிதான் பெரிது. ஆகவே கழற்றிய சமயத்திலேயே ஹோஸ்களையும் மாற்றிவிடுவது புத்தி.

காற்றே வராத வண்டிகளின் கதை வேறு. நான்கு வேகத்தில் கடைசி வேகத்தில் மட்டும் புளோவர் ஓடினால், மோட்டரைக் குறை சொல்லாதீர்கள். ரெசிஸ்டர் என்ற சிறிய பாகம் எரிந்திருக்கும். எதிலுமே ஓடாவிட்டால் முதலில் பியூஸ், பிறகு வயர் பிளக். அதுவும் சரியென்றால் சுவிட்சைப் போட்டுவிட்டு மோட்டரின் மேல் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஓடத் தொடங்கினால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டர் ஓடியும் காற்று பலமில்லாவிட்டால், முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். என்னுடையதில் ஒரு கூடை காய்ந்த இலையும் எலிக்கூடும் இருந்தன. மரக்கறி ஏற்றும் வண்டியில் எலி குடியிருப்பது அதிசயமில்லை.

பனிமூட்டத்தில் இன்னொரு தவறும் செய்கிறோம். குளிர் என்று வெளிக்காற்றை மூடி, உள்காற்றையே சுற்றவிடுகிறோம். எங்கள் மூச்சின் ஈரம் அப்படியே கண்ணாடியில் படியும். வெளிக்காற்றைத் திறந்து, சூட்டை வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏ.சி. வேலை செய்தால் அதையும் சேர்த்துப் போடலாம், காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும்.

இப்போது நான் ஏற்றம் ஏறும்போது, தேவையில்லாவிட்டாலும் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கிறேன். குளிர்ந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்பது, அரை மணித்தியாலமாவது ஆறவிடுவது, அதற்குப் பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொடுவது. தண்ணீர் இருந்தும் ஊசி மேலே ஏறினால், ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வைத்தால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு கெபினுக்குள் வந்துவிடும். வியர்க்கும்தான், ஆனால் நிறுத்துவதற்கு நல்ல இடம் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

மச்சான் பக்கத்துக் காற்றுத் துவாரம் மட்டும் இன்னும் சரியாகத் திரும்புவதில்லை. உள்ளே கேபிள் கிளிப் உடைந்திருக்கிறது. கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முறை பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது தேடிப் பார்க்க வேண்டும்.