பக்கத்து நாற்காலியின் விலை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில், சேவைக் கட்டணம் வசூலிக்கும் குளிர்சாதன உணவகம் ஒன்றில் 20 வெள்ளிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்ததும் 22 வெள்ளி ஆகும். அதன்மேல் 2024 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் 9 விழுக்காடு பொருள், சேவை வரி ஏறும். கடைசியில் கொடுப்பது 23 வெள்ளி 98 காசு. அங்கிருந்து பஃப்ளோ சாலைப் பக்கம் திரும்பி தேக்கா உணவங்காடி நிலையத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலான கடைகளில் பலகையில் எழுதிய விலைதான் கொடுக்கும் விலை. இந்த வேறுபாட்டில் சமையலுக்குரிய பங்கு குறைவு. மேசைக்குரிய பங்கே அதிகம். உணவகத்தில் நாம் எழும்வரை மேசை நம்முடையது. தேக்காவில் மேசை எந்தக் கடைக்கும் சொந்தமில்லை, எந்த வாடிக்கையாளருக்கும் சொந்தமில்லை. துடைக்கும் செலவைக் கடைக்காரர்கள் பகிர்ந்து கட்டுகிறார்கள். உட்காரும் இடத்தை முன்பின் தெரியாதவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்.

உணவங்காடி நிலையங்களில் மானியம் இல்லாத ஒரு சமைத்த உணவுக் கடையின் இடைநிலை வாடகை, அண்மை ஆண்டுகளில் மாதம் சுமார் 1,250 வெள்ளி. 2024இல் மரீன் பரேட்டில் ஒரு கடைக்கு 10,158 வெள்ளிக்கு ஏலம் கேட்டார்கள் என்பது செய்தியானதே, வழக்கமான தொகை அதன் அருகில்கூட இல்லை என்பதால்தான். 1,250 வெள்ளிக்குக் கடைக்காரருக்குக் கிடைப்பது அடுப்பும் தொட்டியும் வைக்கும் அளவுக்கு ஒரு சிறு அறை. நாற்பது பேரை உட்கார வைக்கும் இடத்துக்கும் அவரே வாடகை கட்ட வேண்டியிருந்தால், பிரியாணித் தட்டின் விலை எங்கே போய் நிற்கும் என்பதைச் சிராங்கூன் சாலை உணவுப் பட்டியல்களே சொல்லிவிடும். கொள்கை ஆய்வுக் கழகம் 2022இல் கணக்கெடுத்தபோது, ஒருவர் மூன்று வேளையும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளில் சாப்பிட ஒரு நாளைக்குச் சராசரியாகச் சுமார் 17 வெள்ளி ஆனது. ஒரே ஒரு உணவக வேளையின் விலைக்கு ஒரு நாள் முழுக்கப் பசியாறலாம் என்பதில், எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் சரி என்று நாம் கொடுக்கும் இசைவும் ஒரு பங்கு. அந்த இசைவை யாரும் ரசீதில் எழுதுவதில்லை. ஆகவே அதைக் கணக்கிட்டுப் பார்ப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

இந்த மேசைகள் தாமாக வந்தவை அல்ல. 1968, 69இல் சாலையோர வியாபாரிகள் சுமார் 18,000 பேர் பதிவு செய்யப்பட்டார்கள். 1971 முதல் 1986 வரை அவர்களைக் கூரைக்குக் கீழே கொண்டுவரும் வேலை நடந்தது. 1915இல் எழுந்த கண்டாங் கெர்பாவ் சந்தைக்கு மாற்றாக இப்போதைய தேக்காக் கட்டடம் 1982இல் வந்தது. இன்று தீவு முழுவதும் 110க்கு மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள், அவற்றில் 6,000க்கு மேல் சமைத்த உணவுக் கடைகள்.

இனி நாற்காலிக் கணக்கு. நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை 120 நிமிடம். ஒருவர் சாப்பிட 20 நிமிடம் எடுத்தால் ஒரு நாற்காலி 6 பேருக்கு உதவும். நாலு நாற்காலி மேசை 24 பேருக்கு. இப்போது மேசையில் இடம்பிடிக்கும் டிஷ்யூ பொட்டலத்தை வையுங்கள். இடத்தைப் பிடித்துவிட்டு 10 நிமிடம் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு நாற்காலிக்கு 20 நிமிடம் 30 ஆகிறது, 6 பேர் 4 ஆகிறார்கள், மேசைக்கு 24 பேர் 16 ஆகிறார்கள். 100 மேசை உள்ள நிலையத்தில் 2,400க்குப் பதில் 1,600. குறையும் 800 தட்டுக்குத் தட்டு 6 வெள்ளி என்றால் ஒரு மதிய வேளையில் 4,800 வெள்ளி வியாபாரம். நிமிடங்கள் என் அனுமானம்தான். மாற்றிப் போட்டுப் பாருங்கள், இழப்பு கூடலாம், சுருங்கலாம், ஆனால் மறையாது. மூன்று பொட்டலம் 1 வெள்ளி என்று முதியவர்கள் விற்றுவந்த விலையில் ஒரு பொட்டலம் 33 காசு. அது நாலு நாற்காலியைப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கும்போது 40 நாற்காலி நிமிடங்கள் போகின்றன, அதாவது இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடும் நேரம்.

கொதிக்கும் சூப்பைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலையும் பாட்டிக்குப் பொட்டலம் தேவைதான். அவர் மீது எனக்குக் குறையில்லை. தனியாக வந்த ஒருவர் நாலு நாற்காலியையும் பிடித்துக்கொண்டு, யாராவது அருகே வந்தால் பையை நகர்த்தாமல் இருக்கும்போதுதான் கணக்கு உடைகிறது. அப்போது அந்த மேசை இரண்டு மணி நேரத்தில் 24 பேருக்கு அல்ல, 6 பேருக்கே சோறு போடும்.

அன்னியரோடு இடம் பகிர்வதில் கப்பல் கணக்கு இன்னும் தெளிவானது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா 8,478 டன் கப்பல். தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம் முன்னோர் பலர் அதில் வந்தவர்கள். ஒரு தலைக்கு 1.7 டன். இன்று மரினா பே பயணக் கப்பல் நிலையத்திலிருந்து புறப்படும் கெந்திங் டிரீம் சுமார் 1,50,000 டன். இரண்டு பேருக்கு ஓர் அறை என்ற கணக்கில் சுமார் 3,350 பயணிகள். ஒரு தலைக்குச் சுமார் 45 டன். கப்பலின் டன் என்பது எடை அல்ல, கொள்ளளவு. அன்றைய அளவையும் இன்றைய அளவையும் முழுக்க ஒன்றல்ல என்றாலும் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் 25 மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. 1.7 டன் கிடைத்தவருக்குப் பக்கத்தில் யார் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துச் சுமார் 40 பேர் இறந்தபோது அந்தக் கடல்வழியும் முடிந்தது.

உல்லாசக் கப்பல்களில் அன்னியரோடு மேசை பகிர்வது பழைய மரபு. குறித்த நேரம், குறித்த மேசை, பயணம் முடியும்வரை அதே முகங்கள். 3,350 பேரை இரண்டு பந்தியாகப் பிரித்தால் 1,675 நாற்காலி போதும். எட்டுப் பேர் மேசையாகப் போட்டால் 210 மேசை. இருவர் மேசையாகப் போட்டால் 838. நான்கு மடங்கு மேசை, அவற்றுக்கிடையே கூடுதல் நடைவழி. முன்பு பலரும் பெரிய மேசைகளுக்கு அனுப்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2000இல் ஸ்டார் குரூசஸ் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனம், நார்வீஜியன் என்ற இன்னொரு கப்பல் நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு நார்வீஜியன், விரும்பிய நேரத்தில் விரும்பியவரோடு உண்ணும் முறையை விளம்பரப்படுத்தியது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. இன்று பல கப்பல்களில் பகிர்வு மேசை, கேட்டால் மட்டும் கிடைப்பது. இது இழப்பு என்றே நான் கருதுகிறேன். மூன்று இரவு ஒரே மேசையில் உட்கார்ந்தால், முதல் இரவில் ஊர் பேர் கேட்டவர் மூன்றாம் இரவில் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசுவார். தேக்காவின் 20 நிமிடத்தில் அது நடக்காது.

அந்த 20 நிமிடமும் இல்லாமல் போன காலம் ஒன்று உண்டு. கொவிட் பரவலால் 2020 ஏப்ரல் 7 அன்று கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. ஜூன் 19இல் 5 பேர் வரை அனுமதி, டிசம்பர் 28 முதல் 8. 2021 மே 8இல் மீண்டும் 5, மே 16இல் பூஜ்யம். ஜூன் 21இல் 2, ஜூலை 12இல் 5, ஜூலை 22இல் மறுபடியும் பூஜ்யம். ஆகஸ்ட் 10இல் உணவங்காடி நிலையங்களில் 2 பேர். எல்லா எண்ணிக்கை வரம்பும் 2022 ஏப்ரல் 26 அன்று விலகியது. கூட்டினால், உட்காரவே முடியாத நாட்கள் 73, 36, 19, மொத்தம் 128. சேர்ந்து வந்தவரைத் தவிர வேறு எவரோடும் மேசையைப் பகிர முடியாத காலம் 749 நாட்கள். இடையில் 2020 டிசம்பர் 16 அன்று யுனெஸ்கோ, சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அன்று தேக்காவில் ஒரு மேசைக்கு மேல்வரம்பு 5. நாற்காலிகளில் குறுக்கே ஒட்டுநாடா.

இங்கே வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கணக்கு இதைவிட நீளம். 2020 ஏப்ரலில் தங்கும் விடுதிகளுக்குள் அடைபட்டவர்கள் சமூக இடங்களுக்கு மீண்டும் வர 2021 செப்டம்பர் 15 வரை காத்திருந்தார்கள். ஓராண்டு ஐந்து மாதத்துக்கு மேல். அப்போதும் அது சோதனைத் திட்டம்: லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் வாரத்துக்கு 500 பேர் வரை, தலைக்கு 6 மணி நேரம். கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைகளில் வேலை அனுமதி பெற்றவர்கள் இன்று சுமார் 4.5 லட்சம் பேர். 2022 ஜூனில், லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கென 80,000 அனுமதிச் சீட்டு என்று வரம்பு வந்தது. மற்றவர்கள் 749 நாளில் பெற்ற மேசையை அவர்களால் அதற்குப் பின்பும் சீட்டு வாங்கித்தான் தொட முடிந்தது. ஞாயிறு மாலை தேக்காவில் தஞ்சாவூர்க்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் டாக்காக்காரரும் ஒரே மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்துச் சாப்பிடுவதைப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த மேசையில் சைவமும் ஹலாலும் மற்றதும் ஒருசேர இருக்கும். தட்டுகளைத் திருப்பி வைக்கும் அலமாரிகளில் ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு. உண்ணும் இடம் பொது; கழுவும் இடம் தனி. தட்டைத் திருப்பி வைப்போர் 2021 ஆகஸ்டில் 65 விழுக்காடு. அந்தச் செப்டம்பரில் சட்ட நடவடிக்கை தொடங்கியது. 2023 ஜூன் முதல் முதல்முறைக்கு எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் முறைக்கு 300 வெள்ளி. விகிதம் 90 விழுக்காட்டை ஒட்டி ஏறியது.

தட்டை எண்ணிய தேசிய சுற்றுப்புற வாரியம் நாற்காலியையும் எண்ணலாம். அபராதம் வேண்டாம். 100 மேசையில் 10 மேசையை, தனியாக வருவோருக்கான பகிர்வு மேசை என்று எழுதி, 12 மணி முதல் 2 மணி வரை பொட்டலம் வைக்கக்கூடாது என்று மட்டும் சொல்லி ஒரு மாதம் பார்க்கட்டும். மேலே போட்ட கணக்கின்படி அந்தப் பத்து மேசையில் மட்டும் ஒரு வேளைக்கு 80 பேர் கூடுதலாக உட்காரலாம்.