கணிப்பொறிக்கு வரும் வழியில் படம் ஏன் சிதறுகிறது?

1995-ஆம் ஆண்டில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திருமணங்களையும் பள்ளி விழாக்களையும் குழந்தைகளின் தளர்நடையையும் தாங்கி நின்றவை, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய நாடாப் பெட்டிகள். மினி டிவி நாடா என்பது அவற்றின் பெயர். இங்கே டிவி என்றால் தொலைக்காட்சி அன்று. எண்முறை வீடியோ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள், அவ்வளவே.

நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. அதை ஓட்டும் காமிராக்களோ இப்போது உற்பத்தியாவதில்லை. ஆகவே உள்ளதைக் கணிப்பொறிக்கு மாற்றிவிடப் பலரும் முயல்கிறார்கள். அப்போது படம் துள்ளுகிறது; கட்டம் கட்டமாகச் சிதறுகிறது; சில சமயம் பாதியில் நின்றே போகிறது. “நாடா கெட்டுவிட்டது” என்று தீர்ப்புச் சொல்லித் தூக்கி எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. குற்றவாளி நாடாதானா என்று முதலில் விசாரிக்க வேண்டாமா?

இந்த நாடாவில் படம் எண்களாகவே பதிந்திருக்கிறது. எனவே மாற்றுவது என்பது எண்களைப் பார்த்து எழுதுவதுதான். பிழையின்றி எழுதினால் மூலத்துக்கும் நகலுக்கும் இம்மியும் வேறுபாடு இராது. நம் நாட்டில் வழங்கும் முறையில் விநாடிக்கு 25 படங்கள். ஒலியையும் சேர்த்து ஒரு படத்துக்கு 1,44,000 பைட்டுகள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 36 இலட்சம் பைட்டுகள். ஒரு மணி நேரத்துக்கு 1,296 கோடி!

இன்றைய கணிப்பொறிக்கு இது பெரிய வேகமே அன்று. நாடா யாருக்காகவும் காத்திராது என்பதே சிக்கல். காமிராவிலிருந்து ஃபயர்வயர் என்னும் கம்பி வழியே விநாடிக்கு 8,000 தவணைகளாக எண்கள் வருகின்றன. வலையிலிருந்து ஒரு கோப்பை இறக்கும்போது, ஏதேனும் விடுபட்டால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. “கிடைத்ததா?” என்று காமிரா கேட்பதில்லை, தவறவிட்டதைத் திருப்பி அனுப்புவதும் இல்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு குடம் நிரம்பி அடுத்த குடத்தை வைப்பதற்குள் கொஞ்சம் நீர் சிந்திவிடும். அடியில் ஒரு வாளி இருந்தால் சிந்தாது. நினைவகத்தில் ஒதுக்கிய சிறு பகுதிதான் அந்த வாளி, பஃபர் என்பார்கள். வட்டு எழுதுவதை இரண்டு விநாடி நிறுத்தினால் 72 இலட்சம் பைட்டுகள் வாளியில் சேரும். வாளி அதைவிடச் சிறியதானால் வழிந்த படங்கள் போனவைதாம். வட்டு ஏன் நிற்கிறது? நச்சுநிரல் தேடும் நிரல் குறுக்கிட்டிருக்கலாம்; மின்சாரத்தைச் சேமிக்க வட்டு உறங்கிப்போயிருக்கலாம். இவற்றை நிறுத்திவைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இந்தக் கோளாற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு: எஞ்சிய ஒவ்வொரு படமும் தெளிவாகவே இருக்கும், ஆனால் நடந்து வருபவர் திடீரென ஓரடி முன்னால் நிற்பார்.

படத்துக்கு உள்ளேயே சிதறல் தெரிந்தால் கதை வேறு. காமிராவினுள் 21.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்கிறது. அதில் எதிரெதிராக இரண்டு காந்த முனைகள். நாடாவில் சாய்வாக எழுதியுள்ள தடங்களை இவை மாறி மாறிப் படிக்கின்றன. ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் பல தடங்கள் அடங்கிவிடும்! விநாடிக்கு 150 சுற்று, சுற்றுக்கு இரண்டு தடம், ஆக 300 தடங்கள். 25 படங்களுக்கு 300 என்றால் ஒரு படத்துக்கு 12.

ஒரு முனையில் மட்டும் அழுக்குப் படிந்தால் என்ன ஆகும்? ஒன்றுவிட்டு ஒரு தடம் கிடைக்காது. படத்தில் 12 பட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்று, முந்திய காட்சியோடு உறைந்து நிற்கும். வரிக்குதிரை போன்ற இந்தப் படத்தைக் கண்டால் நாடாவைக் குறைகூறாதீர்கள். துப்புரவு நாடாவைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டினால் போதும். அதிகம் ஓட்டினால் முனையே தேய்ந்துவிடும்.

நாடாவிலேயே பூச்சு உதிர்ந்திருந்தால் அங்கங்கே சிறு கட்டங்கள் தோன்றும். சிறிய இழப்பாயின், ரீட், சாலமன் என்னும் இருவர் 1960-இல் வகுத்த கணித முறையால் விடுபட்ட எண்ணைக் காமிரா மீட்டுவிடும். அதற்கு மேற்பட்ட இழப்புக்குத்தான் பழைய படத்திலிருந்து ஒட்டுப் போடுகிறது. அந்த ஒட்டுகளே நாம் காணும் கட்டங்கள்.

இனி விசாரணை. இந்த நாடாவில் ஒவ்வொரு படத்துக்கும் மணி, நிமிடம், விநாடி, பட எண் கொண்ட நேரக் குறியீடு உண்டு. கோளாறு தோன்றும் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, நாடாவைச் சற்றுப் பின்னால் சுற்றி, அதே பகுதியை மறுபடி மாற்றுங்கள். அதே எண்ணில் அதே கோளாறு வந்தால் நாடாவின் மேல் ஐயம் வலுக்கிறது. வேறு இடத்துக்குத் தாவினால், அல்லது காமிராவின் சிறு திரையில் படம் நன்றாகவே ஓடினால், கம்பியையும் கணிப்பொறியையும் பாருங்கள். எந்த நாடாவைப் போட்டாலும் பட்டை விழுந்தால் முனையில் அழுக்கு. இருமுறை, மும்முறை போதும்; ஒவ்வோர் ஓட்டமும் நாடாவைச் சிறிது தேய்க்கிறது.

ஒரு காமிராவில் ஓடாத நாடா, அதைப் பதிவு செய்த காமிராவிலேயே ஓடிவிடுவதும் உண்டு. நெடுநேரப் பதிவில் தடத்தின் அகலம் ஏறத்தாழ 6.7 மைக்ரான்தான். வேறு காமிராவின் முனை அந்த ஒற்றையடிப் பாதையில் எளிதில் தடுமாறும்.

கடைசியாக ஒரு புதிர். எந்த நாடாவானாலும், எங்கிருந்து தொடங்கினாலும், 20 நிமிடம் ஆகும் தறுவாயில் பதிவு நின்றுவிடுகிறது. என்ன காரணம்? எஃப்.ஏ.டி. 32 என்னும் பழைய அமைப்புள்ள வட்டில் கோப்பின் அளவை 32 இரும இலக்கங்களில்தான் குறிக்க முடியும். 2-இன் 32-ஆம் அடுக்கு ஏறத்தாழ 429 கோடி. அதை 36 இலட்சத்தால் வகுத்தால் 1,193 விநாடி; அதாவது 19 நிமிடம் 53 விநாடி! வட்டை என்.டி.எஃப்.எஸ். போன்ற அமைப்புக்கு மாற்றிவிட்டால் தடை நீங்கும். மாற்றும்போது வட்டில் உள்ளவை யாவும் அழிந்துவிடக்கூடும். முன்னதாக அவற்றை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.